வால்வைத் திறந்தது யார்?

ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னர், நிலாவெளிக் கடலில் 18 மீற்றர் ஆழத்தில், என் வாயிலிருந்த ரெகுலேட்டர் மூச்சுத் தர மறுத்தது. முற்றாக நின்றுவிடவில்லை. ஒவ்வொரு மூச்சையும் பலம் கொண்டு உறிஞ்ச வேண்டியிருந்தது. அமுக்கமானியைப் பார்த்தேன். 170 பார் காட்டியது. சிலிண்டரில் முக்கால்வாசிக்கு மேல் வளி இருக்கிறது என்பது அதன் பொருள். மூச்சை இழுத்தேன், முள் சட்டெனக் கீழே விழுந்தது. இழுப்பதை நிறுத்தினேன், முள் மெல்ல மேலே ஏறியது. வளி இருந்தும் எனக்கு வரவில்லை. என்னோடு சோடியாக இறங்கியவர் பத்து மீற்றர் தள்ளி ஓர் ஆமையின் பின்னால் போய்க்கொண்டிருந்தார்.

எங்களை வழிநடத்திய மூத்த சுழியோடி என் கண்களைப் பார்த்தே விடயத்தை விளங்கிக்கொண்டார். தன்னுடைய மேலதிக வாய்க்குழாயை என்னிடம் தந்தார். மறு கையால் என் தலைக்குப் பின்னாலிருந்த வால்வைத் திருகினார். மூச்சு வந்தது. மெதுவாக மேலேறி, 5 மீற்றரில் மூன்று நிமிடங்கள் நின்று, படகுக்கு வந்தோம்.

படகில் அவர் கேட்ட முதற் கேள்வி: “வால்வைத் திறந்தது யார்?”

“கடைசியாப் பார்த்தது படகில நிண்ட பொடியன்தான் அண்ணை.”

“கீழ மூச்சு எடுக்கப்போனது பொடியனோ, நீரோ?”

எல்லோர் முன்னிலையிலும் அப்படிக் கேட்டது எனக்குப் பெரும் அவமானமாக இருந்தது. தப்பிப் பிழைத்து வந்தவனிடம் கேட்கும் கேள்வியா இது என்று மனதுக்குள் திட்டினேன். அந்தக் கேள்வி சரியானது என்று ஒப்புக்கொள்ள எனக்குச் சில வருடங்கள் தேவைப்பட்டன. அதைவிடப் பெரிய தவறொன்றை நானே செய்த பிறகுதான் அது நடந்தது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

நடந்தது இதுதான். வால்வை முழுவதும் திறந்துவிட்டுக் கால் சுற்றுப் பின்னால் திருப்பி வைக்கும்படி எனக்குப் பழக்கியிருந்தார்கள். நான் அப்படியே செய்தேன். உதவிக்கு நின்ற பொடியன் அது திறந்திருக்கிறதா என்று பார்க்க வந்தவன், திசை மாறித் திருகி முழுவதும் மூடிவிட்டான். அவன் நினைப்பில் அது முழுவதும் திறந்த வால்வு. ஆகவே கால் சுற்றுப் பின்னால் திருப்பினான். இப்போது என் வால்வு கால் சுற்று மட்டுமே திறந்திருந்தது. கடல் மட்டத்தில் மூச்செடுக்க அது போதும். ஆழத்தில் போதாது. அந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே இன்று பல பயிற்றுநர்கள் வால்வு ஒன்றில் முழுவதும் திறந்திருக்க வேண்டும், இல்லையேல் முழுவதும் மூடியிருக்க வேண்டும், இடைநிலை கூடாது என்று கற்பிக்கிறார்கள்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. இறங்குவதற்கு முன் அமுக்கமானியைப் பார்த்தபடி ரெகுலேட்டரில் நான்கைந்து ஆழ்ந்த மூச்சுகள் எடுத்தால் போதும். முள் அசையாமல் நின்றால் வால்வு திறந்திருக்கிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் முள் ஆடினால் இறங்கக் கூடாது. பத்து விநாடி வேலை. நான் அதைச் செய்யவில்லை.

ஆழத்தில் வளியின் கணக்கு

ஸ்கூபா என்பது சுழியோடி தன் மூச்சுவளியைத் தானே சுமந்து செல்லும் முறை. 1943இல் பிரான்சில் ஜாக் கூஸ்தோவும் எமில் காஞானும் உருவாக்கிய கருவியின் அடிப்படையே இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. சிலிண்டரில் மிகுந்த அமுக்கத்தில் அடைக்கப்பட்ட வளியை, சுழியோடி நிற்கும் ஆழத்தின் அமுக்கத்துக்குச் சமமாகக் குறைத்து, கேட்கும்போது மட்டும் தருவது ரெகுலேட்டரின் வேலை.

கடல் மட்டத்தில் நம்மீது இருப்பது ஒரு வளிமண்டல அமுக்கம். ஒவ்வொரு 10 மீற்றருக்கும் இன்னொன்று சேரும். 20 மீற்றரில் அது மூன்று மடங்கு. ஆகவே அங்கு எடுக்கும் ஒரு மூச்சு, மேலே எடுக்கும் மூன்று மூச்சுகளின் வளியைக் கொண்டுபோகிறது. 11 லீற்றர் சிலிண்டரை 200 பாருக்கு நிரப்பினால் ஏறத்தாழ 2,200 லீற்றர் வளி இருக்கும். நிமிடத்துக்கு 20 லீற்றர் பயன்படுத்தும் ஒருவருக்கு அது மேலே 110 நிமிடங்களுக்குப் போதும். 20 மீற்றரில் 36 நிமிடங்கள்தான். கையிருப்பாக 50 பாரை ஒதுக்கினால் 27 நிமிடங்களே மிஞ்சும். பயந்தவர், நீரோட்டத்தை எதிர்த்து நீந்துபவர் இதைவிடப் பல மடங்கு விரைவாகத் தீர்த்துவிடுவார்.

ஆழம் கூடும்போது வளி அடர்த்தியாகிறது என்பதால், பழுதான ரெகுலேட்டரும் அரைகுறையாகத் திறந்த வால்வும் மேலே தம்மைக் காட்டிக்கொள்வதில்லை. கீழே போன பிறகுதான் காட்டும். கரையில் செய்யும் தயார்ப்படுத்தலுக்கு இருக்கும் பெறுமதி இதிலிருந்துதான் வருகிறது.

மேலேறுவதிலும் கணக்கு உண்டு. 10 மீற்றரில் நிறைந்திருக்கும் நுரையீரலின் வளி கடல் மட்டத்துக்கு வரும்போது இரு மடங்காக விரியும். மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினால், இரண்டு மீற்றருக்கும் குறைந்த ஆழத்திலிருந்துகூட நுரையீரல் கிழிந்து, வளிக்குமிழ்கள் இரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகலாம். இரண்டாவது ஆபத்து நைதரசன். ஆழத்தில் அது உடல் இழையங்களில் கரைந்து சேர்கிறது. வேகமாக ஏறினால், சோடாப் போத்தலைத் திறந்ததுபோலக் குமிழாக வெளியேறுகிறது. மூட்டு வலி, விறைப்பு, தலைச்சுற்று, கால் செயலிழத்தல் என அது வெளிப்படும். இதுவே சுழியோடிகள் ‘பெண்ட்ஸ்’ என்று சொல்லும் அமுக்கக்குறைவு நோய். நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேற்படாத வேகத்தில் ஏறுவதும், 5 மீற்றரில் மூன்று நிமிடங்கள் தரித்து நிற்பதும் இதற்காகத்தான்.

கரையில் பார்க்க வேண்டியவை

நான் இப்போது பின்பற்றும் ஒழுங்கைச் சொல்கிறேன். இது எனது கண்டுபிடிப்பு இல்லை. எந்த நல்ல பயிற்றுநரும் முதல் வாரத்திலேயே சொல்வதுதான்.

முதலில் சிலிண்டர். அதன் தோளில் பொறிக்கப்பட்டிருக்கும் கடைசி அமுக்கச் சோதனைத் திகதியைப் பார்ப்பேன். பல நாடுகளில் நீரமுக்கச் சோதனை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையும், உட்புறப் பார்வைச் சோதனை ஆண்டுதோறும் செய்யப்படுகின்றன. அடுத்து வளியின் மணம். வால்வைச் சற்றுத் திறந்து முகர்ந்தால் எண்ணெய் மணமோ புகை மணமோ வரக்கூடாது. கொம்பிரசரின் உறிஞ்சுகுழாய் ஓர் இயந்திரத்தின் புகைக்குழாய்க்கு அருகில் இருந்தால் காபன் மொனொக்சைட்டு சிலிண்டருக்குள் போய்விடும். அதற்குத் தனியாக மணமே கிடையாது. எனவே மணம் வராவிட்டாலும் கொம்பிரசர் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று போய்ப் பார்ப்பதில் வெட்கப்படத் தேவையில்லை.

வால்வின் வாயிலுள்ள ஓ-ரிங் வெடிக்காமல், தட்டையாகாமல் இருக்க வேண்டும். சில ரூபாய் பெறுமதியான இந்த இறப்பர் வளையம் போய்விட்டால் முழுச் சிலிண்டரும் நிமிடங்களில் காலியாகும். என் பையில் எப்போதும் நாலைந்து கிடக்கும்.

ரெகுலேட்டரை இணைத்த பின் இரண்டு வாய்க்குழாய்களிலும் மூச்செடுத்துப் பார்க்க வேண்டும். மேலதிக வாய்க்குழாயை, அதாவது ‘ஒக்டோபஸை’, பலர் தொட்டும் பார்ப்பதில்லை. அது நமக்கானது இல்லை, அடுத்தவருக்கானது என்பதாலோ என்னவோ. மண்ணில் இழுபட்டு, உள்ளே மணல் நிறைந்த ஒக்டோபஸ்களைப் பார்த்திருக்கிறேன். அன்று எனக்கு நீட்டப்பட்ட ஒக்டோபஸ் அப்படி இருந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

பிறகு பி.சி.டி. எனப்படும் மிதவைச் சட்டை. அதை முழுவதும் ஊதி, சில நிமிடங்கள் விட்டு, காற்றுப் போகிறதா என்று பார்க்க வேண்டும். ஊதும் பொத்தான் உப்பேறி இறுகியிருந்தால் நீருக்குள் தானாக ஊதத் தொடங்கி ஆளை மேலே தூக்கிவிடும். ஈயப் பட்டி ஒற்றைக் கையால், ஒரே இழுப்பில் கழலக்கூடியதாக இருக்க வேண்டும்.

கடலிலிருந்து வந்த பிறகும் வேலை முடிவதில்லை. எல்லாவற்றையும் நன்னீரில் ஊறவைத்துக் கழுவி, நிழலில் உலர்த்த வேண்டும். ரெகுலேட்டரின் முதற்கட்டத்தைத் தூசு மூடியால் மூடாமல் நீரில் போட்டால் உள்ளே நீர் புகும். உப்பு இரவோடிரவாக வேலை செய்யும். அடுத்த பயணத்தின் தயார்ப்படுத்தல் முந்திய பயணத்தின் மாலையிலேயே தொடங்குகிறது.

சோடியைப் பார்க்கும் கண்

மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பில் சுழியோடிக்குக் கயிறு பிடிப்பவர் ஒருவர் தோணியில் நிற்பார். அந்தக் கயிற்றை மச்சான்தான் பிடிக்க வேண்டும் என்று கரையோரங்களில் சொல்வார்கள். தன் சகோதரி விதவையாவதை விரும்பாதவன் கயிற்றில் கவனமாக இருப்பான் என்பது அதன் நியாயம். இன்று கயிறு இல்லை. சோடி இருக்கிறார். அவர் பெரும்பாலும் அன்று காலை அறிமுகமானவர்.

இறங்குவதற்கு முன் இருவரும் எதிரெதிரே நின்று ஒருவரையொருவர் பரிசோதிக்க வேண்டும். மிதவைச் சட்டை ஊதுகிறதா, வளி வெளியேறுகிறதா, ஈயம் சரியா, எந்தப் பக்கம் கழலும், கொளுவிகள் எங்கே, வளி எவ்வளவு, இரண்டு வாய்க்குழாய்களும் மூச்சுத் தருகின்றனவா, கடைசியாக மாஸ்க், துடுப்புகள். முழுவதும் இரண்டு நிமிடம். அன்று நாங்கள் இருவரும் ‘ஓகேயா?’ ‘ஓகே’ என்று பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்த்துக் காட்டியதோடு குதித்தோம்.

பொறுப்பு யாருடையது?

உபகரணத்தை வாடகைக்குத் தரும் நிலையத்துக்குப் பொறுப்பு உண்டு. வழிகாட்டிக்கும் உண்டு. காலாவதியான சிலிண்டரைத் தந்துவிட்டு ‘நீங்கள் பார்த்திருக்க வேண்டும்’ என்று சொல்லும் நிலையம் தப்பித்துக்கொள்ள இடம் கொடுக்கக் கூடாது. ஆனால் அவர்களுடைய பொறுப்பு கரையில் நியாயம் கேட்கத்தான் உதவும். 18 மீற்றரில் மூச்சுத் தராது. அந்த மூத்தவரின் கேள்விக்குள் இருந்தது இதுதான்.

கருவி பழுதடைவதால்தான் சுழியோடிகள் இறக்கிறார்கள் என்று பொதுவாக நினைக்கிறோம். 1980இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட ‘டான்’ எனும் சுழியோடிகள் பாதுகாப்பு அமைப்பின் ஆய்வாளர்கள், 1992 முதல் 2003 வரையான 947 மரணங்களை ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். தொடக்கக் காரணத்தைக் கண்டறிய முடிந்த மரணங்களில் 41 சதவீதம் வளி போதாமையில் தொடங்கியவை. சிக்கிக்கொண்டதில் தொடங்கியவை 20 சதவீதம். உபகரணக் கோளாறில் தொடங்கியவை 15 சதவீதம். வளி போதாமை என்பது பெரும்பாலும் மானியைப் பார்க்காமை. நம் கைகளாலும் கண்களாலும் தடுக்கக்கூடியது.

சிரிப்பும் விமர்சனமும்

இந்த எண்கள் நம் கைக்கு வந்ததே, யாரோ தத்தம் தோழர்களின் மரணத்தைப் பற்றிப் பேசத் துணிந்ததால்தான். அமெரிக்கக் குகைச் சுழியோடி ஷெக் எக்ஸ்லி 1979இல் எழுதிய சிறு நூல் ஒன்று, குகைகளுக்குள் நடந்த விபத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து, எந்த விதி எங்கே மீறப்பட்டது என்று காட்டியது. வெளியே வரும் வரை வழிகாட்டும் கயிறு அறாமல் இருக்க வேண்டும், வளியில் மூன்றிலொரு பங்கில் உள்ளே போய் மூன்றிலொரு பங்கில் திரும்பி மிச்சத்தைக் கையிருப்பாக வைக்க வேண்டும் என்பன போன்ற விதிகள் அந்த ஆராய்ச்சியால் உறுதிப்பட்டவை. எக்ஸ்லியே 1994இல் மெக்சிக்கோவில் மிக ஆழமான ஒரு நீர்க்கிடங்கில் இறந்தார். அவருடைய மரணமும் அதே முறையில் ஆராயப்பட்டது. அவர் பெரியவர் என்பதற்காக யாரும் வாயை மூடிக்கொள்ளவில்லை.

எங்கள் வட்டத்தில் விமர்சனத்துக்குக் குறைவில்லை. பிரச்சினை அதன் வகையில் இருக்கிறது. மட்டக்களப்புக்கு அப்பால் ‘ஹேர்மிஸ்’ கப்பல் கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கி. ஏறத்தாழ 53 மீற்றர் ஆழம். பொழுதுபோக்குச் சுழியோட்டத்தின் எல்லையோ 40 மீற்றர். சாதாரண வளியுடன் அந்த ஆழத்தில் நைதரசன் மதுவைப்போல மயக்கும், முடிவெடுக்கும் திறனைக் குறைக்கும். ஆனாலும் கரையில் கேட்கப்படும் கேள்வி ‘இன்னும் ஹேர்மிஸ் இறங்கேல்லையோ?’ என்பதுதான். எப்படித் தயாரானாய் என்று கேட்பவர் குறைவு. பாதியில் திரும்பி வந்தவனைப் பாராட்டுபவர் இன்னும் குறைவு.

நான் செய்த தவறுக்கு வருகிறேன். என் வால்வுச் சம்பவத்துக்கு அடுத்த பருவத்தில், எங்கள் கூட்டாளி ஒருவன் ஈயப் பட்டியை மறந்து கடலில் குதித்துவிட்டான். எவ்வளவு உதைத்தும் கீழே போக முடியாமல் மேலேயே மிதந்துகொண்டிருந்தான். எல்லோரும் சிரித்தோம். ‘மிதவை’ என்ற பட்டப்பெயரை வைத்தவன் நான்தான். என் அவமானத்தை அவன்மீது இறக்கி வைத்தேன் என்று இப்போது விளங்குகிறது. பெயர் நிலைத்துவிட்டது.

இரண்டு வருடங்களுக்குப் பிறகு ஒரு நாள் அவன் மூன்று தடவை இறங்கினான். மூன்றாவது தடவை சற்று வேகமாக ஏறிவிட்டான். இரவு தோளில் வலி, இடது காலில் ஊசி குத்துவதுபோல விறைப்பு. சிலிண்டர் தூக்கியதால் வந்த சுளுக்கு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். எங்களில் ஒருவருக்கும் தொலைபேசி எடுக்கவில்லை. அடுத்த நாள் மதியம் கால் நடையைத் தாங்கவில்லை. பிறகுதான் வைத்தியசாலை, அங்கிருந்து கடற்படையின் அமுக்க அறை.

அந்த அறை அவன் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரம்கூட இல்லை. அமுக்கக்குறைவு நோயில் சிகிச்சை முந்தினால் குணமடையும் வாய்ப்பு கூடும், பிந்தினால் குறையும். அவன் பெருமளவு தேறிவிட்டான். ஆனாலும் இன்றும் படியேறும்போது இடது கால் சற்று இழுக்கும்.

“ஏன்டா அண்டைக்கே சொல்லேல்ல?” என்று கேட்டேன்.

“சொன்னா ‘மிதவை மேல வந்திட்டுது’ எண்டு சிரிப்பீங்கள் எண்டு நினைச்சன்.”

என்னிடம் பதில் இருக்கவில்லை. அவன் சொன்னதுபோலவே நான் சிரித்திருப்பேன்.

மூத்தவர் என்னைக் கேட்ட கேள்வியையும், நான் அவனுக்கு வைத்த பெயரையும் அதன் பிறகு பல தடவை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். இரண்டும் எல்லோர் முன்னிலையிலும் நடந்தவை, இரண்டும் சுட்டன. ஆனால் அவருடைய கேள்வி நான் செய்யாமல் விட்ட ஒரு செயலைப் பற்றியது. அடுத்த நாள் அதைத் திருத்த முடிந்தது. நான் வைத்த பெயர் ஆளைப் பற்றியது. அதைத் திருத்த அவனிடம் வழியிருக்கவில்லை, மறைக்கத்தான் முடிந்தது.

எங்கள் வட்டத்துக்கு வெளியே

வடக்கில் கடலட்டைக்கும் சங்குக்கும் சிலிண்டருடன் இறங்குபவர்கள் இருக்கிறார்கள். பொழுதுபோக்குச் சுழியோடிகள் அவர்களைப் பற்றிப் பேசும்போது ‘ஒண்டும் தெரியாமல் இறங்குறாங்கள்’ என்று முடித்துவிடுவது வழக்கம். ஒரே நாளில் பல சிலிண்டர்கள், கையில் கணினி இல்லை, பலருக்கு முறையான பயிற்சியும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் பிடித்ததற்குத்தான் கூலி. தரித்து நிற்கும் நிமிடங்களுக்கு யாரும் காசு தருவதில்லை. அவர்களில் ஒருவர் என் கையிலிருந்த டைவ் கொம்பியூட்டரைக் காட்டி விலை கேட்டார். சொன்னேன். ‘அதுக்கு இன்னொரு எஞ்சினே வாங்கலாம் போல’ என்று சிரித்தார். முறையாக மேலேறுவது எப்படி என்று அதற்கு முன்னர் யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. நாங்களும் சொல்லப் போகவில்லை. தெரியாதவனைக் குறை சொல்வது, தெரிந்தவன் சொல்லிக்கொடுக்காமல் விட்டதை மறைக்க நல்ல வழி.

அவர்களிடையே மட்டுமன்றிப் பல நாடுகளின் மீனவச் சுழியோடிகளிடையேயும் ஒரு பழக்கம் இருக்கிறது: வலி வந்தால் மறுபடியும் கடலில் இறங்குவது. குமிழ்கள் சுருங்குவதால் வலி சற்றுக் குறையும். மேலே வந்ததும் முன்னரைவிட மோசமாகத் திரும்பலாம், உள்ளேயே மயங்கவும் நேரலாம். செய்ய வேண்டியது வேறு. ஆளைப் படுக்க வைத்து, இருந்தால் தூய ஒட்சிசன் கொடுத்து, 1990க்கு அழைத்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். இவர் சுழியோடியவர், எத்தனை தடவை, எவ்வளவு ஆழம் என்பதை முதலிலேயே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது வெறும் மூட்டுவலியாகத்தான் தெரியும். அனுமதி இல்லாமல் இறங்கியவர்கள் சட்டத்துக்குப் பயந்து இதை மறைப்பதும் உண்டு. உயிர் போன பிறகு அந்த மறைப்பால் பயனில்லை.

படகிலேயே பேசுவோம்

இப்போது நான் சிறு குழுக்களைக் கூட்டிப் போகிறேன். எல்லோரும் படகுக்கு ஏறி மாஸ்க்கைக் கழற்றிய பின், கரைக்குத் திரும்பும் வழியில் மூன்று கேள்விகள் கேட்பேன். நாம் போட்ட திட்டத்திலிருந்து எங்கே விலகினோம்? உபகரணத்தில் எது சரியாக இருக்கவில்லை? உடம்பில் யாருக்காவது வழக்கத்துக்கு மாறாக ஏதாவது இருக்கிறதா? முதலில் பதில் சொல்வது நானாக இருப்பேன். அன்றைய என் பிழை ஒன்றைச் சொல்வேன். தேடினால் ஒன்றாவது அகப்படாத நாள் இதுவரை இல்லை. வழிகாட்டி தன் பிழையைச் சொன்ன பிறகு மற்றவர்களுக்கு வாய் திறக்கச் சிரமம் இருப்பதில்லை.

உதவிக்கு நிற்கும் பொடியன்களும் அந்தப் பேச்சில் இருப்பார்கள். வால்வைத் தொட்டால் தொட்டேன் என்று என்னிடம் சொல்ல வேண்டும் என்பது அவர்களோடு நான் செய்துகொண்ட ஒப்பந்தம். அன்று என் வால்வைத் திருகிய பொடியனை எல்லோரும் ஏசினோம். அடுத்த வாரமே அவன் வேலையை விட்டுப் போய்விட்டான். எந்தப் பக்கம் திருகினால் திறக்கும் என்று அவனுக்கு ஒருவராவது காட்டிக்கொடுத்தோமா என்று நாங்கள் அன்று கேட்கவில்லை.

கூட்டாளி இப்போதும் எங்களோடு வருகிறான். இறங்குவதில்லை. படகில் நின்று ஒவ்வொருவருடைய முள்ளையும் பார்க்கிறான். பட்டப்பெயரை யாரும் சொல்வதில்லை. நான்கு மூச்சு எடுத்துக் காட்டாமல் ஒருவரையும் அவன் கடலில் இறங்க விடுவதில்லை, என்னையும் சேர்த்து.